டீகாலனைசேஷன்: ‘நீக்கம்’ வேண்டாமே

வணக்கம்.

டீகாலனைசேஷன் (decolonization), அதாவது அயலார் ஆட்சியிலிருந்து ஒரு நாடு விடுபடுவது. இதற்குத் தமிழில் ‘காலனி நீக்கம்’ என்று வைக்கலாம் என்று இங்கே ஓர் ஐயா சொல்லியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் காலனி என்றால் பட்டியல் சாதி மக்களின் குடியிருப்பு என்ற பொருள் ஊறிக் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லையே அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். பாடநூலில் ‘காலனி நீக்கம்’ என்று படிக்கிற பிள்ளைக்கு எது நினைவுக்கு வரும்? அதற்குப் பதிலாகக் ‘குடியேற்ற நீக்கம்’ என்றால் இலங்கை வாசகருக்கு அரசின் குடியேற்றத் திட்டங்கள்தான் தோன்றும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ‘நீக்கம்’. தானாக நீங்குவதும் நீக்கம்தான் என்று அகராதி காட்டலாம். ஆனால் இன்றைய வழக்கில் பணிநீக்கம், பதவிநீக்கம் எல்லாமே மேலே இருப்பவர் செய்வது. அப்போது விடுதலையும் லண்டன் செய்த காரியம் ஆகிவிடுகிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கோல்டு கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், 1949இல் விடுதலை இயக்கத்தில் நடந்த பிளவே ஒரு சொல்லில்தான். மூத்த தலைவர்கள் ‘இயன்ற விரைவில் தன்னாட்சி’ என்றார்கள். குவாமே இங்க்ருமா ‘இப்போதே’ என்று தனிக்கட்சி தொடங்கினார். ‘இயன்ற விரைவில்’ என்றால் நமக்குத் தகுதி வந்துவிட்டதா என்று பார்க்க வேறொருவர் இருக்கிறார் என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்னதும் அதுதானே! சுதந்திரத்துக்காக அவ்வளவு வாதாடியவர், ‘பின்தங்கிய’ சமூகங்களுக்கு அது பொருந்தாது என்று ஒதுக்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 ஆண்டு வேலை பார்த்தவர் அவர். கோல்டு கோஸ்ட்டின் 1951 தேர்தலில் தலைநகர் அக்ராவின் மக்கள் சிறையில் இருந்த இங்க்ருமாவுக்கு, பதிவான 23,122 வாக்குகளில் 22,780ஐ அள்ளிக் கொடுத்தார்கள். தகுதிச் சான்று கேட்டு யாரும் காத்திருக்கவில்லை. 1960 டிசம்பர் 14 அன்று ஐ.நா.வின் 1514ஆம் தீர்மானமும் அதையே சொன்னது: போதிய தயார்நிலை இல்லை என்பதைச் சாக்காக வைத்து விடுதலையைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆகவே ‘தன்னாட்சி மீட்பு’ என்பது என் பரிந்துரை. பஞ்சமி நில மீட்பு என்கிறோம் இல்லையா, அந்த மீட்பு. உரியவர் தன்னுடையதைத் திரும்ப எடுப்பது. தன்னாட்சிக் கல்லூரி என்று ஏற்கனவே இருக்கிறதே என்பீர்கள். அது கொடுக்கப்பட்ட தன்னாட்சி. ‘மீட்பு’ சேர்ந்ததும் அந்தக் குழப்பம் போய்விடும். மீட்புப் பணி, மீட்புப் படை என்று வெள்ளக் காலத்தில் சொல்வதும் இங்கே குறுக்கே வராது. எதை மீட்கிறோம் என்பது முன்னாலேயே நிற்கிறது.

ஒரு குறை உண்டு. பாடத்திட்டத்தை, சிந்தனையை டீகாலனைஸ் செய்வது என்கிறார்களே, அதற்கு இது ஒத்துவராது. அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘காலனியச் சாயல் களைதல்’ என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. குறுக்க யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள்.