ஸ்காட்லாந்து வந்திருக்கீங்களா? லண்டன் காலண்டரை நம்பாதீங்க

கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்தீன்னு புதுசா வந்து இறங்கியிருக்கிறவங்களுக்கு. லண்டன்ல இருக்கிற மச்சான் அனுப்புற லீவ் லிஸ்ட்டை வெச்சு டிக்கெட் போட்றாதீங்க. ஆகஸ்ட் லீவு அங்க கடைசி திங்கள், இங்க முதல் திங்கள். ஈஸ்டர் திங்கள் இங்க வங்கி விடுமுறைப் பட்டியல்லயே கிடையாது. அதுக்கு பதிலா ஜனவரி 2 உண்டு. கிறிஸ்துமஸே இங்க பொது விடுமுறை ஆனது 1958-லதான். அதுவரைக்கும் கொண்டாட்டமெல்லாம் ஹாக்மனேக்குத்தான் (டிசம்பர் 31 ராத்திரி, புத்தாண்டுக் கொண்டாட்டம்), அந்த ஆட்டம் இன்னும் குறையல.

நவம்பர் 30 ஸ்காட்லாந்தோட காவல் புனிதர் ஆண்ட்ரூவோட நாள். சட்டப்படி வங்கி விடுமுறை, ஆனா உங்க கம்பெனி லீவு தரணும்னு கட்டாயம் இல்ல. காண்ட்ராக்ட்டைப் பாத்துக்கோங்க. (சென்னைக்காரங்களே, எழும்பூர் கிர்க் (சர்ச்) இதே ஆண்ட்ரூ பேர்லதான். அங்க இருந்த ஸ்காட்லாந்துக்காரங்களுக்காகக் கட்டி 1821-ல திறந்தது.)

ஜனவரி 25 ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள். 1759-ல அலோவேல பிறந்த கவிஞர். ஆபீஸ்ல பர்ன்ஸ் சப்பர்னு கூப்பிட்டா கண்டிப்பா போங்க. பேக்பைப் முன்னால ஊதிட்டு வர, தட்டுல ஹாகிஸ் வரும். ஒருத்தர் அதைப் பாத்து பர்ன்ஸ் எழுதின பாட்டைச் சொல்லுவார். கத்தியைப் பத்தி வரி வரும்போது சதக்குனு குத்திக் கிழிப்பார். ஆவி பறக்கும், எல்லாரும் கிளாஸைத் தூக்குவாங்க. உள்ள இருக்கிறது ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல், ஓட்ஸ், வெங்காயம், மிளகு. குடல் குழம்பு சாப்பிட்டு வளர்ந்தவங்களுக்கு இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. சைவக்காரங்களுக்கு வெஜிடேரியன் ஹாகிஸ் சூப்பர்மார்க்கெட்லயே கிடைக்கும், நிஜமாவே நல்லா இருக்கும். அந்த மாசம் பிள்ளைங்க ஸ்கூல்ல இருந்து ஸ்காட்ஸ் மொழியில (இங்கிலீஷ் மாதிரியே இருக்கும், ஆனா வேற) பாட்டு ஒண்ணு மனப்பாடம் பண்ணக் கொண்டு வருவாங்க. ஸ்பெல்லிங் தப்புன்னு திருத்தி விட்றாதீங்க!

ஜூன் 23, 24 பானக்பர்ன் போர், 1314. ஸ்காட்லாந்து ராஜா ராபர்ட் புரூஸ் இங்கிலாந்துப் படையை ஜெயிச்சது. ஜெயிச்ச கதைங்கிறதால யார்கிட்ட வேணா பேசலாம்.

ஏப்ரல் 16 அப்படி இல்ல. 1746-ல இன்வர்னெஸ் பக்கத்துல கலோடன்ல நடந்த சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கல. பழைய ஸ்டூவர்ட் ராஜ வம்சத்தைத் திரும்ப அரியணையில ஏத்தப் போராடின ஜாக்கோபைட் படை அரசுப் படைகிட்ட அழிஞ்சது. அதுக்கப்புறம் கில்ட் மாதிரி ஹைலண்ட் (வடக்கு மலைப்பகுதி) உடை போடவே தடை, 1782-லதான் நீக்கினாங்க. அந்த மைதானத்துல குலப்பேர் வெட்டின கல்லுங்க நிக்கும், சிலதுல பூ வெச்சிருப்பாங்க. அது சமாதி. கல்லு மேல உக்காந்து போட்டோ எடுக்கிறது வேண்டாம். இங்கிலீஷ்காரன் ஸ்காட்லாந்துக்காரனைக் கொன்னதுன்னு சுருக்கிச் சொல்லவும் வேண்டாம். அரசுப் படையிலயும் ஸ்காட்லாந்துக்காரங்க நிறைய பேர் இருந்தாங்க. இதைத் தப்பாச் சொன்னா இங்க உடனே திருத்துவாங்க.

கடைசியா செப்டம்பர் 18. 2014-ல தனிநாடு வேணுமான்னு வாக்கெடுப்பு: 55 சதவீதம் வேண்டாம், 45 சதவீதம் வேணும். இன்னும் ஆறாத விஷயம். நீங்க எதுக்குப் போட்டீங்கன்னு டீ குடிக்கும்போது சகஜமாக் கேட்றாதீங்க, அவங்களாப் பேசினா கேளுங்க. அன்னைக்கு இங்க குடியிருந்த இந்திய, இலங்கை குடிமக்களும் காமன்வெல்த் உரிமையில ஓட்டுப் போட்டாங்க. உங்களுக்கும் அந்த உரிமை உண்டு. வேலை விசா, ஸ்டூடண்ட் விசா எதுவானாலும் சரி. ஸ்காட்லாந்து பார்லிமென்ட், கவுன்சில் தேர்தலுக்கு 16 வயசு போதும். வீடு கிடைச்ச வாரமே வாக்காளர் பட்டியல்ல பேரைப் பதிஞ்சிடுங்க, கிரெடிட் ஸ்கோருக்கும் உதவும்.