போட்டோவில் சிக்காத செம்பருத்திச் சிவப்பு

இரண்டு மாதம் ஒரு செம்பருத்தியோடு மல்லுக்கட்டினேன். நான் வரைவது கிரிட்டாவில். இலவச மென்பொருள், கூடவே ஒரு சின்ன பேனா டேப்லெட். பித்தளைச் செம்பில் ஒற்றைப் பூவை வைத்து, மொபைலில் படமெடுத்து, அதைப் பார்த்து வரைவேன். எத்தனை முறை வரைந்தாலும் சிவப்புக் காகிதத்தை வெட்டி ஒட்டியது போலவே இருந்தது. பிரஷ்ஷை மாற்றினேன், லேயர் மேல் லேயராக, அதாவது கண்ணாடித்தாள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். சரிவரவில்லை.

ஒருநாள் நிறத்தின் அளவை எண்ணில் காட்டும் கலர் பிக்கரை அந்தப் போட்டோவின் மேல் வைத்தபோதுதான் புரிந்தது. இதழில் எங்கே தொட்டாலும் சிவப்பு 255, அதாவது உச்ச அளவு. மேடு, பள்ளம், நரம்பு எல்லாமே 255. வெயிலில் எடுத்த படம். அவ்வளவு அடர்ந்த சிவப்பைத் தாங்காமல் சென்சார் உச்சத்தில் முட்டி நின்றுவிட்டது. போட்டோவிலேயே இல்லாத நரம்பைத்தான் இத்தனை நாள் தேடியிருக்கிறேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பூவை ஜன்னலோரம் வைத்து நேரில் பார்த்து வரைந்தேன். வெளிச்சம் ஊடுருவும் இடத்தில் ஆரஞ்சு, மடிப்புக்குள் கருஞ்சிவப்பு, வானம் பார்த்த விளிம்பில் மெல்லிய ஊதா. நடுத்தண்டைச் சுற்றி மஞ்சள் மகரந்தம், நுனியில் வெல்வெட் பொட்டு மாதிரி ஐந்து சிவப்பு உருண்டைகள். தினமும் சாமிக்கு வைக்கிற பூ, அவை ஐந்து என்று அன்றுதான் எண்ணினேன். முன்பெல்லாம் நிழலுக்கு, அடியிலுள்ள நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில் கறுப்பை ஊற்றிவிடுவேன். அன்று கறுப்பைத் தொடவே இல்லை. செம்பருத்தி மாலைக்குள் சுருண்டுவிடும், அதனால் அன்டூ போட்டுக்கொண்டிருக்கவும் நேரமில்லை. மூன்று மணிக்கு முடித்தேன். என் பூக்களில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

*

உங்கள் செம்பருத்திக் கதையைப் படித்தேன். அந்தப் படம் ஒரு நாளில் முடிந்தது, என் படத்துக்கு நான்கு மாதம் ஆனது. யான் வான் ஹைசம் என்ற டச்சு ஓவியர் அந்தந்தப் பூ பூக்கும்வரை காத்திருந்து வரைவாராம். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அவருடைய பூச்சாடிப் படம் ஒன்றில் 1736, 1737 என்று இரண்டு வருஷமும் உண்டு. அந்த ஆசையில், டிசம்பர் பூவையும் மல்லிகையையும் ஒரே கிண்ணத்தில் வரைய நினைத்தேன். டிசம்பரில் ஊதாப் பூக்களை முடித்து, மல்லிகைக்கு இடம் விட்டு ஃபைலைச் சேமித்தேன். ஏப்ரலில் அதே தெற்கு ஜன்னல், அதே மேசை, அதே கிண்ணம், ஆனால் வெயிலைக் காணோம்! மார்கழியில் சாய்ந்து மேசைவரை வந்த வெயில், சித்திரையில் உச்சிக்கு ஏறி வாசலோடு நின்றுவிட்டது. பழைய வெளிச்சத்தில் புது மல்லிகையைக் கற்பனை செய்து வரைய மனம் வரவில்லை. டிசம்பர் பூ லேயரில் நிழல்களை அழித்து, கிண்ணத்தையும் முதலிலிருந்து வரைந்தேன். மொட்டின் வெள்ளையில் பக்கத்து ஊதா லேசாக ஏறியிருந்ததே, அதைப் பிடிக்க மட்டும் இரண்டு சாயங்காலம்.