ஆவணப்படத்தின் முக்கியக் காட்சியில் ஒலியும் படமும் விலகுகின்றன – உதவி தேவை

இயற்கையோடு இயைந்து கூட்டாக வாழும் ஒரு சமூகம் வெள்ளத்திலிருந்து எவ்வாறு மீண்டெழுந்தது என்பதைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக ஆவணப்படம் எடுத்து வருகிறேன். வெள்ளம் வடிந்த மறுநாள் இரவு, அங்கேயே தொடர்வதா, இடம்பெயர்வதா என்று அவர்கள் கூடிப் பேசிய 62 நிமிடப் பதிவே இந்தப் படத்தின் உயிர்; அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

படம் கைபேசியிலும், ஒலி தனிக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகவும் பதிவானது. கைபேசியின் சொந்த ஒலி ஜெனரேட்டர் இரைச்சலில் மூழ்கிவிட்டது. டாவின்சி ரிசால்வ் என்னும் படத்தொகுப்பு மென்பொருளில், விநாடிக்கு 25 பிரேம் (படச்சட்டம்) ஓடும் டைம்லைனில் தொடக்கக் கைதட்டலை வைத்துப் பொருத்தினால், முதல் சில நிமிடங்கள் சரியாக இருந்து, பிறகு உதடும் குரலும் விலகி, இறுதியில் ஏறத்தாழ 4 விநாடி வேறுபடுகின்றன. விநாடிக்கு 29.97 பிரேமா, 30 பிரேமா என்ற குழப்பம் என்று எண்ணி (இவற்றுக்கிடையேயான 0.1 சதவீத வேறுபாடே ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடியாகிவிடும்) ஒலியை அதே அளவு நீட்டினேன், முடிவு பொருந்தியது, நடுப்பகுதி பொருந்தவில்லை. கைபேசி, நிலையாக இல்லாமல் நொடிக்கு நொடி மாறிக்கொண்டிருக்கும் பிரேம் வேகத்தில் பதிந்திருப்பது பின்னரே தெரிந்தது. நிலையான 25 பிரேமுக்கு மாற்றியும் விலகல் குறைந்ததே தவிர மறையவில்லை. துண்டுதுண்டாக வெட்டிப் பொருத்தலாம். ஆனால் அவர்கள் முடிவெடுப்பதற்கு முன் நிலவிய நீண்ட மௌனங்களில் கத்தரி வைக்க எனக்கு மனமில்லை.

மூலக் கோப்பில் ஒவ்வொரு பிரேமும் எந்தக் கணத்துக்குரியது என்று காட்டும் நேரக்குறிகள் சிதையாமல் அதை நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்ற, உங்களுக்குப் பலன் தந்த முறை எது?