கலைச்சொல்: வான்கோமைசின் வேகமாக ஏறும்போது வரும் நமைச்சலுக்கும் சிவப்புக்கும் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

செவிலியர் மாணவர்களுக்கான கையேட்டில் 'ரெட் மேன் சிண்ட்ரோம்' என்பதற்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இழை இது. இதுவரை வந்தவை மூன்று: 'செம்மனித நோய்த்தொகுதி', 'வான்கோமைசின் ஒவ்வாமை', 'உட்செலுத்தல் எதிர்வினை'. முதல் இரண்டும் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவதில் பாதி சரி. மருந்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுப் பெயருக்கு வருகிறேன்.

வான்கோமைசின் 1950களில் எலி லில்லி நிறுவனம் கண்டெடுத்த நுண்ணுயிர் எதிர்ப்பி. போர்னியோவிலிருந்து ஒரு கிறித்தவ ஊழியர் அனுப்பிய மண்ணில் இருந்த பாக்டீரியா சுரந்தது. 1958இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதலில் வந்த சரக்கு சரியாகச் சுத்திகரிக்கப்படாமல் பழுப்பாக இருந்ததால் அதற்கு 'மிசிசிப்பி சேறு' என்று பட்டப்பெயர். மெதிசிலின் என்ற வேறொரு நுண்ணுயிர் எதிர்ப்பி வந்ததும் ஓரமாக ஒதுங்கிய இந்த மருந்து, மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் கிருமி, அதாவது எம்.ஆர்.எஸ்.ஏ., மருத்துவமனைகளில் பரவியதும் மறுபடி முன்னுக்கு வந்தது. ரத்தத்தில் கிருமி, இதய வால்வில் தொற்று, எலும்பில் தொற்று என்று உயிருக்கே ஆபத்தான இடங்களில் இன்றும் இதைத்தான் தேடுகிறார்கள். வாய்வழி கொடுத்தால் குடல் உறிஞ்சாது. அதனால் கடும் வயிற்றுப்போக்கு தரும் டிஃபிசில் போன்ற, குடலுக்குள்ளேயே இருக்கும் கிருமிகளுக்கு மட்டும் அப்படிக் கொடுப்பார்கள். மற்றபடி சிரை வழியாகத்தான்.

சிரை வழியாக என்றாலும் ஊசியில் எடுத்து ஒரேயடியாக அழுத்திவிட முடியாது. நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எவ்வளவு குறைந்த அளவானாலும் ஒரு மணி நேரமாவது எடுக்க வேண்டும். 1 கிராம் என்றால் 100 நிமிடம். நெரிசலான வார்டில் இந்த 100 நிமிடம்தான் அடிக்கடி சுருங்கிவிடுகிறது. அப்போது உடலின் பாதுகாப்பு அணுக்களில் ஒரு வகையான மாஸ்ட் செல்கள், நமைச்சலையும் சிவப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. முகம், கழுத்து, மார்பின் மேல்பகுதி எல்லாம் சிவந்து, சூடாகி, நமைச்சல் எடுக்கும். சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கும், நெஞ்சு வலிக்கும். முதல் டோஸிலேயே கூட வரலாம்.

சரி, இப்போது பெயர்கள்.

'செம்மனித' என்பது ஆங்கிலப் பெயரை அப்படியே தூக்கி வைத்தது. அந்த ஆங்கிலப் பெயரையே ஆங்கிலத்தில் எழுதும் மருத்துவர்கள் கைவிட்டு வருகிறார்கள். வட அமெரிக்கப் பூர்வகுடி மக்களை இழிவாக அழைத்த சொல் அதற்குள் இருக்கிறது என்று 2021இல் அங்குள்ள மருத்துவர்கள் எழுதி, மாற்றுப் பெயரை முன்வைத்தார்கள். அவர்கள் கைவிடும் சொல்லை நாம் புதிதாக எடுத்து ஏன் வளர்க்க வேண்டும்? இதைவிட முக்கியமான காரணம் நம் வார்டிலேயே இருக்கிறது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. 'செம்' என்று படித்த மாணவி சிவப்பையே தேடிக்கொண்டிருப்பார். நோயாளியோ கழுத்தைச் சொறிந்துகொண்டிருப்பார். நம் ஊரில் முதல் அறிகுறியைக் கண்ணால் பார்ப்பதைவிட, 'எங்கேயாவது நமைச்சல் இருக்கா, சூடா இருக்கா?' என்று வாயால் கேட்டுத்தான் பிடிக்க முடியும்.

> ஒவ்வாமை என்றால் எல்லோருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, புரியும்தான். ஆனால் தவறாகப் புரியும். உண்மையான வான்கோமைசின் ஒவ்வாமை அரிதாக உண்டு. அதில் உடல் முன்பே அந்த மருந்தைச் சந்தித்து, ஒவ்வாமையைத் தூண்டும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து வைத்திருக்கும். அவருக்கு மறுபடி கொடுப்பது ஆபத்து. நாம் பேசுவது அது இல்லை. இங்கே மருந்து நேராகவே மாஸ்ட் செல்லைத் தட்டுகிறது. மருந்தை நிறுத்தி, ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து கொடுத்து, அடங்கிய பிறகு பாதி வேகத்தில் மறுபடி ஏற்றினால் பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

இப்படி எதிர்வினை வந்த ஒருவரது டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஒவ்வாமை' என்று ஒரு சொல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவர் கூடவே வரும். அடுத்த முறை எம்.ஆர்.எஸ்.ஏ. தொற்றோடு வேறு மருத்துவமனைக்குப் போனால், அங்கே இருப்பவர் சீட்டைப் பார்த்து வான்கோமைசினை ஒதுக்குவார். மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால் டாப்டோமைசின் நுரையீரல் தொற்றுக்கு உதவாது, நுரையீரலின் காற்றறைகளில் படலமாக இருக்கும் சர்ஃபாக்டண்ட் என்ற பொருள் அதை முடக்கிவிடும். லினசோலிட் பல வாரம் போனால் ரத்தத் தட்டணுக்கள் குறையலாம். ஒரு சொல்லால் ஒரு நோயாளி தனக்குப் பொருத்தமான மருந்தை இழப்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

'உட்செலுத்தல்' என்பதில் எனக்குள்ள தயக்கம், ஊசி போடுவதையும் அப்படித்தான் எழுதுகிறோம் என்பது. ஊசியா, ஒரு மணி நேரம் மெதுவாகவா என்பதுதானே இங்கே முழுப் பிரச்சினையும். 'சொட்டுச் செலுத்தல்' என்று ஒருவர் சொன்னார். பம்ப் வைத்து ஏற்றும் இடத்தில் சொட்டைக் கணக்கிடுவதில்லை. மக்களிடம் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'குளுக்கோஸ் ஏத்தினாங்க', 'ரத்தம் ஏத்தணும்' என்கிறார்கள். ஊசி போடப்படுகிறது, குளுக்கோஸ் ஏற்றப்படுகிறது. யாரும் மாற்றிச் சொல்வதில்லை. அதனால் 'ஏற்றம்'. விலையேற்றத்தோடு குழம்பும் என்ற கவலை எனக்கில்லை, 'குருதியேற்றம்' என்று படிக்கும் யாரும் விலையை நினைப்பதில்லை.

என் பரிந்துரை: விரைவேற்ற எதிர்வினை. முழுப்பெயராக வேண்டுமென்றால் 'வான்கோமைசின் விரைவேற்ற எதிர்வினை'.

> 'விரைவு' என்று பெயரிலேயே வைத்தால் பழி முழுக்கச் செவிலியர் மேல் விழாதா? சரியான வேகத்தில் ஏற்றினாலும் சிலருக்கு வருகிறதே.

நியாயமான கேள்வி, அம்மா. ஆமாம், சிலருக்கு வருகிறது. மார்ஃபின் போன்ற மருந்துகளும் மாஸ்ட் செல்லைத் தூண்டுவதால் அவற்றைச் சேர்த்துக் கொடுக்கும்போது வாய்ப்பு இன்னும் கூடும். ஆனால் அப்போதும் செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பதுதான். புத்தகத்தின்படி சரியான வேகம், அந்த நோயாளிக்கு அதிக வேகம். பெயரில் 'விரைவு' இருந்தால் அதைப் படிக்கும் கை முதலில் ஐ.வி. குழாயின் திருகுக்குப் போகும். 'ஏற்ற எதிர்வினை' என்று மொட்டையாக வைத்தால் ஆம்ஃபோடெரிசின், ரிட்டுக்ஸிமாப் போன்ற வேறு மருந்துகளை ஏற்றும்போது வரும் குளிர்க்காய்ச்சலும் அதற்குள் வந்துவிடும். அதை நாம் பொதுச்சொல்லாக வைத்துக்கொள்ளலாம்.

பழி பற்றிய கவலைக்குக் கையேட்டில் ஒரு வரி சேர்க்கலாம்: 'பரிந்துரைத்த வேகத்திலும் வரக்கூடும்.' அப்புறம், நோயாளியின் சீட்டுக்கு வெறும் கலைச்சொல் போதாது. இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: 'வான்கோமைசின் ஏற்றியபோது நமைச்சலும் சிவப்பும் வந்தன. இது ஒவ்வாமை அல்ல. தேவைப்பட்டால் இன்னும் மெதுவாக ஏற்றலாம்.' உண்மையான ஒவ்வாமை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகே இந்த வரி போக வேண்டும்.

இன்னும் ஒன்று முடிவாகவில்லை. கையேட்டில் 'சிரைவழி' என்று எழுதியிருக்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் அது 'நாளம்'. இலங்கை நண்பர்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, முதல் பக்கத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதுமா, அங்கே தனியாக ஒரு பதிப்பு வேண்டுமா என்று சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்.