எதையோ மறைக்கும் பாத்திரங்கள்: நாவல் பரிந்துரை வேண்டும்

நண்பர்களே, அண்மையில் படித்த நாவல்களில், ஒரு பாத்திரம் எதையோ மறைத்தே வாழ்கிற கதை இருந்தால் சொல்லுங்கள். கொலைப் புதிர் வேண்டாம். பெர்ன்ஹார்ட் ஷ்லிங்கின் 'தி ரீடர்' (1995) மாதிரி வேண்டும். இனி முடிச்சைச் சொல்கிறேன், படிக்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள். கதையின் மையப் பெண்ணான ஹன்னாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தடயங்கள் முன்பே கிடக்கின்றன: புத்தகங்களைப் பிறர் வாசிக்கக் கேட்கிறாள், டிராம் வேலையில் பதவி உயர்வு வந்ததும் ஊரைவிட்டே போகிறாள். பின்னர், நாஜி முகாமில் காவலாளியாக இருந்ததற்காக அவள்மீது நடக்கும் வழக்கில், நீதிமன்றத்தில் கையெழுத்தை ஒப்பிடலாம் என்றதும், தான் எழுதாத அறிக்கையை எழுதியதாக ஒப்புக்கொள்கிறாள். சிறையைவிட வெட்கம் பெரிதாக இருக்கிறது அவளுக்கு!

தடயமே வைக்காமல் கடைசி அத்தியாயத்தில் ஒரு டைரி கிடைத்து எல்லாம் கொட்டுகிற நாவல்களில் மறுவாசிப்புக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்பிலோ, 300 பக்கத்துக்குள் இருந்தால் நல்லது. பதிப்பகத்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். ரகசியம் என்னவென்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.