ஒரே கிருமி, வேறுவேறு முடிவுகள்: சில நாடுகள் மட்டும் பெருந்தொற்றை எப்படிக் கட்டுப்படுத்தின?

கேள்வி: செம்பூர் மாணவி

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் பொதுச் சுகாதாரம் பயில்கிறேன். கொரோனா காலத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். 2019 அக்டோபரில் வெளியான உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டில், கொள்ளைநோயை எதிர்கொள்ளும் ஆயத்தத்தில் அமெரிக்கா முதலிடத்திலும் பிரிட்டன் இரண்டாமிடத்திலும் இருந்தன. வியட்நாமுக்குக் கிடைத்தது 50ஆவது இடம். ஆனால் சீனாவோடு நில எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் அந்த வியட்நாமில் முதல் கொரோனா மரணம் 2020 ஜூலை 31 அன்றுதான் பதிவாயிற்று. அதற்குள் பிரிட்டனில் 40,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். தீவு நாடு என்பதாலோ, அடக்குமுறை ஆட்சி என்பதாலோ வெற்றி கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. வியட்நாம் தீவும் அல்ல, தென் கொரியாவும் தைவானும் சர்வாதிகார நாடுகளும் அல்ல. அப்படியானால் அந்தக் குறியீடு எதை அளக்கத் தவறியது?

பதில் 1: மாட்டுங்கா வாசகர், ஓய்வுபெற்ற சுகாதாரத் துறை ஊழியர்

நல்ல கேள்வி, அம்மா. ஆய்வகங்களையும் சட்டங்களையும் எண்ணிக் கணக்கிடலாம். முதல் மூன்று வாரங்களில் யார் எவ்வளவு விரைவாக முடிவெடுப்பார்கள் என்பதை எண்ண முடியாது. தென் கொரியாவுக்கு அந்த விரைவைக் கற்பித்தது 2015ஆம் ஆண்டின் மெர்ஸ் தொற்று. மத்தியக் கிழக்கிலிருந்து திரும்பிய ஒரே பயணியிடமிருந்து தொடங்கி, மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவி, 186 பேரைப் பீடித்து 38 பேரைக் கொன்றது அந்த நோய். எந்தெந்த மருத்துவமனைகளில் தொற்று இருக்கிறது என்பதை அரசு தொடக்கத்தில் வெளியிடாததால் மக்கள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகே, புதிய பரிசோதனைக் கருவிகளுக்கு அவசர அனுமதி தரும் வழியும், நோயாளி சென்றுவந்த இடங்களை மக்களுக்கு அறிவிக்கும் கடமையும் சட்டமாயின. 2020 ஜனவரி இறுதியில் கருவி உற்பத்தியாளர்களை அழைத்துப் பேசிய அதிகாரிகள் பிப்ரவரி 4 அன்றே முதல் அனுமதியை வழங்கிவிட்டார்கள். அதே பிப்ரவரியில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அனுப்பிய கருவிகளில் ஒரு வேதிப்பொருள் பழுதாக இருந்ததால் அந்த நாடு விலைமதிப்பற்ற வாரங்களை இழந்தது. தைவானும் 2003இல் சார்ஸ் நோயால் அடிபட்ட பிறகே, மறு ஆண்டில் கொள்ளைநோய்களுக்கெனத் தனிக் கட்டளை மையம் ஒன்றை நிறுவியது. 2019 டிசம்பர் 31 அன்றே வூஹானிலிருந்து வந்த விமானங்களில் ஏறிப் பயணிகளைச் சோதிக்கத் தொடங்கியது.

இருப்பினும் விரைவு மட்டுமே போதாது என்பதற்குப் பெரு நாடு சாட்சி. 2020 மார்ச் 16 அன்றே கடுமையான ஊரடங்கைத் தொடங்கிய அந்த நாடுதான், மக்கள்தொகை விகிதப்படி உலகிலேயே மிக அதிகமான மரணங்களைப் பதிவு செய்தது. உழைப்பாளிகளில் பெரும்பாலோர் அன்றாடக் கூலியை நம்பியவர்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத ஏராளமான குடும்பங்கள் உணவுக்காக அடிக்கடி சந்தைக்குப் போயாக வேண்டியிருந்தது. அரசு தந்த உதவித்தொகையைப் பெறவும் வங்கி வாசலில் நெருக்கியடித்து நிற்க நேர்ந்தது. தைவானிலோ தொற்று ஐயத்தால் தனிமைப்படுத்தப்பட்டவருக்கு நாளொன்றுக்கு 1,000 தைவான் டாலர் ஈட்டுத்தொகை வழங்கப்பட்டது. வீட்டிலேயே இரு என்று உத்தரவிடும் அரசு, இருப்பதற்கான வழியையும் செய்து தந்ததா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

பதில் 2: தாராவி 90 அடி சாலைக்காரர்

மாட்டுங்கா ஐயா சொன்னதை எங்கள் பகுதியை வைத்தும் சொல்லலாம். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் நோயாளி கண்டறியப்பட்டபோது, ஏறக்குறைய இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் பல லட்சம் பேர் வாழ்கிற, பெரும்பாலோர் பொதுக் கழிப்பறையையே நம்பியிருக்கிற இந்த இடம் என்னவாகுமோ என்று நகரமே அஞ்சியது. ஒரே அறையில் எட்டுப் பேர் உறங்கும் வீட்டில் இடைவெளி விடுங்கள் என்று அறிவுறுத்துவதில் பொருளில்லை. ஆகவே மாநகராட்சி நோயைத் தேடிப் போயிற்று. தாராவியிலேயே தொழில் செய்துவந்த தனியார் மருத்துவர்கள் வீடுவீடாகச் சென்று காய்ச்சல் பார்த்தார்கள்; தொற்று ஐயம் இருந்தவர்களைப் பள்ளிகளிலும் விளையாட்டரங்கிலும் தங்கவைத்து உணவும் அளித்தார்கள். அந்த ஆண்டு ஜூலை 10 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

இதே நகரத்தில் 1896இல் பிளேக் வந்தபோது நடந்ததையும் மாணவி படிக்க வேண்டும். நோயாளிகளை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்குக் கொண்டுசென்றதால் குடும்பங்கள் நோயை மறைத்தன. அக்டோபரில் ஆலைத் தொழிலாளர்கள் ஆர்தர் சாலை மருத்துவமனையையே தாக்கினார்கள். புனேயில் படைவீரர்கள் வீடு புகுந்து சோதனையிட்டதன் கொந்தளிப்பில், 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். அவ்வாண்டு இயற்றப்பட்ட கொள்ளைநோய்ச் சட்டமே 2020இலும் நடைமுறையில் இருந்தது. கதவைத் தட்டியவர் பழகிய மருத்துவர் என்பதால்தான் எங்கள் தெருவில் கதவுகள் திறந்தன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பதில் 3: சயான் வாசகி

தாராவி மக்களின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் ஆய்வுக் கட்டுரையில் ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். 2020 ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் வார்டுகளில் நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வில், குடிசைப் பகுதி மக்களில் சுமார் 57 சதவீதத்தினருக்கு, தொற்று வந்துபோனதன் அடையாளமான எதிர்ப்புப் புரதம் இருந்தது. மற்றக் குடியிருப்புகளில் அது 16 சதவீதமே. தாராவி அந்த ஆய்வில் சேராவிட்டாலும், அங்கும் கிருமி ஓரளவு பரவி ஓய்ந்திருக்கலாம். ஊருக்குத் திரும்பிய தொழிலாளர்களால் நெரிசல் குறைந்ததும் ஒரு காரணமாகலாம்.

நாடுகளை ஒப்பிடும்போதும் அரசுகள் அறிவித்த மரண எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021 இறுதிவரை இந்தியா அறிவித்தது சுமார் 4.8 லட்சம், உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்ட கூடுதல் இறப்போ, அதாவது வழக்கமான இறப்புகளுக்கு மேல் நேர்ந்தவையோ, சுமார் 47 லட்சம். இந்திய அரசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. எனினும் மரணப் பதிவு சீராக இல்லாத நாட்டின் வெற்றியை எதை வைத்து அளப்பது என்ற கேள்வி தீரவில்லை.

மேலும், தடுப்பூசிக்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் தனித்தனி அத்தியாயங்களாக்குங்கள். ஹாங்காங் இரண்டாண்டுகள் கிருமியை வெளியே நிறுத்தியது. ஆனால் 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தடுப்பூசி செலுத்துவதற்குள் 2022இல் ஒமிக்ரான் நுழைந்துவிட, அந்த மார்ச்சில் அதன் மரண விகிதம் உலகிலேயே மிக அதிகமாயிற்று. நியூசிலாந்தும் அதே போலக் கதவை அடைத்திருந்த நாடுதான். அது முதியோர் அனைவருக்கும் கிட்டத்தட்ட முழுமையாகத் தடுப்பூசி போட்ட பிறகே எல்லையைத் திறந்தது. முதலாண்டு அட்டவணையில் இவ்விரண்டும் அருகருகே நிற்கும். மூன்றாமாண்டு அட்டவணையில் அப்படி நிற்கமாட்டா.