மறு: மார்சுப்பியம் – 'குஞ்சுப்பை'க்குப் பதில் 'அடைமடி'

வணக்கம் நண்பர்களே,

சில ஓட்டுடலிகள் முட்டைகளைச் சுமக்கும் அறையான மார்சுப்பியத்துக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் ஒருவர் கேட்டது:

> மார்சுப்பியம் என்றால் கங்காருவின் பைதானே? இங்கும் 'குஞ்சுப்பை' என்றே வைக்கலாம்.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கங்காருவிடம் இருப்பது தோல்பை. நண்டு, இறாலின் உறவினங்களான ஐசோபாடு, ஆம்ஃபிபாடு போன்ற ஓட்டுடலிகளிடம் இருப்பதன் அமைப்பே வேறு. பெண் விலங்கின் மார்புக்கால்களின் அடியிலிருந்து மெல்லிய தகடுகள் உள்நோக்கி வளர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, உடலுக்குக் கீழே ஓர் அறை உண்டாகிறது. முட்டைகள் அதற்குள் தங்கும், நீரும் உள்ளே வந்து போகும். பல ஐசோபாடுகளில், குஞ்சுகள் வெளியேறியபின் தாய் அடுத்த முறை ஓடு கழற்றும்போது இந்தத் தகடுகளும் போய்விடும். ஒரு சூலுக்கென்று கட்டி, முடிந்ததும் அவிழ்ப்பது போல.

துணியை மடித்துப் பொருளை ஏந்தினால் அதை மடி என்கிறோம். உதறிவிட்டால் மடி இல்லை. அந்தத் தற்காலிகத்தன்மை 'பை'யில் வராது. பசுவின் மடி நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். அடைகாத்தலின் 'அடை' முன்னால் நின்றால் அந்தக் குழப்பம் தீரும். ஆகவே, அடைமடி.

'சினைப்பை' என்பதும் பொருந்தாது; 'சினை' என்றதும் நண்டுதான் நினைவுக்கு வரும். சினை நண்டு முட்டைகளை வயிற்றுக்கால்களில் ஒட்டவைத்துச் சுமக்கும். பொரிந்தவை தாயின் சாயலே இல்லாத இளம்உயிரிகளாக நீரில் மிதந்து போகும். அடைமடியிலிருந்து வருபவையோ ஏறக்குறைய பெற்றோரின் சிறு வடிவங்கள். ஆழ்கடலின் பாத்தினோமஸ் ஜைகான்டியஸ் 30 செ.மீ.க்கு மேலும் வளரும் ஐசோபாடு. அதன் முட்டையே சுமார் 1 செ.மீ. இருக்கும். மிதந்து திரியும் பருவம் இல்லாததால், குஞ்சு வளரத் தேவையானதெல்லாம் அந்த முட்டைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். இன்னொரு ஆழ்கடல்வாசி, செந்நிற இறால் போலிருக்கும் நேத்தோஃபௌசியா இன்ஜென்ஸ். அது குஞ்சுகளைச் சுமப்பது ஏறக்குறைய 530 நாள்! இத்தனை நீண்ட காப்பைச் சொல்லும் பெயரில் 'அடை' இருந்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, இதை ஏற்றால் அந்த அறையை உண்டாக்கும் தகடான ஊஸ்டெகைட்டுக்கு 'மடித்தகடு' தானாக வந்துவிடும். (ஐசோபாடு முதலில் பின்பாதி ஓட்டையும் அப்புறம் முன்பாதியையும் கழற்றும். அதற்கும் ஒரு சொல் வேண்டும், தனி இழையில் பேசுவோம்.)

எனக்கு இன்னும் பிடிபடாதது 'மான்கா' என்னும் குஞ்சுப் பருவத்துக்கான சொல். அடைமடியை விட்டு வரும் ஐசோபாடு குஞ்சுக்குக் கடைசி இணை மார்புக்கால் முளைத்திருக்காது, ஏழுக்கு ஆறு இணைதான். 'குறைக்கால் குஞ்சு' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊனம் போல ஒலிக்கிறது, வேண்டாம். அந்தக் கால் இனிமேல்தான் முளைக்கப் போகிறது. 'முளைகால் குஞ்சு' எனலாமா? முளைத்துவிட்ட கால் என்றும் அதைப் படிக்க முடிகிறதே என்றுதான் தயங்குகிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்